சூரிய மின்சாரத்தைக் கூட்டாக விளைவித்தல்

கிணற்று நீரைக் கொண்டு பயிர் செய்யும் கமக்காரருக்கு இறைப்புச் செலவு பெருஞ் சுமையாகும். சூரிய சக்தியால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பொருத்தினால் எண்ணெய்ச் செலவு நீங்கும். ஆயினும் இதில் இரண்டு குறைகள் உள. முதலாவது, ஆண்டிற் பல நாட்களில் இறைப்புத் தேவைப்படுவதில்லை. அந்நாட்களில் தகடுகள் தரக்கூடிய மின்சாரம் வீணாகும். இரண்டாவது, வெயிலுக்கு விலை இல்லாமையால் பயிருக்கு வேண்டியதிலும் கூடுதலாக இறைக்கும் பழக்கம் உண்டாகும். நிலத்தடி நீர் குன்றும். இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்கும் முறையொன்றை இந்தியாவில் குஜராத் மாநிலத்து டுண்டிக் கிராமத்தார் கைக்கொண்டனர். அதனை இங்கு விளக்குவோம்.

சங்கம் அமைந்த விதம்

டுண்டி, கேடா மாவட்டத்திலுள்ள சிற்றூர். முன்னர் டீசல் இயந்திரங்களால் இறைத்துவந்த கமக்காரர் அறுவர் ஒன்றுசேர்ந்து, சூரிய மின் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்தனர். 2016ஆம் ஆண்டில் அச்சங்கம் மின்சாரத்தை விற்கத் தொடங்கியது. நம் நாட்டிலே பத்தரமுல்லையில் தலைமையகத்தைக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் இம்முயற்சிக்குத் துணை நின்றது. அப்பகுதி மின்விநியோகக் கம்பனி 25 ஆண்டுகளுக்கு அலகொன்றை 4.63 இந்திய ரூபா வீதம் வாங்க உடன்பட்டது.

வேலை நடைபெறும் முறை

1. ஒவ்வோர் அங்கத்தவரும் தம் காணியிலே தகடுகளையும் இயந்திரத்தையும் வைத்திருப்பர்.
2. தமக்கு வேண்டிய அளவு நீரை முதலில் இறைத்துக்கொள்வர்.
3. மிகுதி மின்சாரம் அவரவர் மின்மானியைக் கடந்து, சங்கத்தின் பொதுக் கம்பிக்குச் செல்லும்.
4. பொதுக் கம்பி கம்பனியின் மின்கம்பியோடு சேருமிடத்தில் ஒரேயொரு மின்மானி உண்டு. கம்பனி அதனை மட்டும் பார்த்துச் சங்கத்துக்குப் பணம் செலுத்தும்.
5. சங்கம் அவரவர் மின்மானிக் கணக்கின்படி பணத்தைப் பங்கிடும்.

தனித்தனிக் கமக்காரரோடு கணக்கு வைப்பது கம்பனிக்குச் செலவும் சிரமமும் தரும். சங்கமாகச் சேர்வதால் அச்சிரமம் ஒழிகின்றது.

ஓர் உதாரணம்

1 கிலோவாற்றுத் தகடு நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 4 அலகு மின்சாரம் தரும். எனவே 5 கிலோவாற்றுத் தகடு 20 அலகு தரும். இறைப்புக்கு 12 அலகு செலவாயின் மிகுதி 8 அலகு. மேற்கூறிய விலைப்படி வருமானம் 37.04 ரூபா. இறைப்பில்லாத நாளில் 20 அலகுக்கும் 92.60 ரூபா கிடைக்கும். வீணே இறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கைப்பணம் இழக்கும் மணித்தியாலமாதலின், கமக்காரர் தாமாகவே நீரை அளவோடு இறைப்பர்.

கவனிக்க வேண்டியவை

டுண்டியில் மூலதனத்தின் பெரும்பகுதி மானியமாகக் கிடைத்தது என்பதை மறத்தலாகாது. அன்றியும், சலுகை விலையில் மின்னிணைப்புப் பெறும் உரிமையை அங்கத்தவர் விட்டுக்கொடுத்தனர். ஆகவே இத்தகைய சங்கத்திற் சேர விரும்புவோர் பின்வருவனவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும்: வாங்கும் விலை, ஒப்பந்தக் காலம், பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது, காணியை விற்றால் பங்கு யாரைச் சேரும் என்பன. தகடுகளில் மரநிழல் விழாதிருத்தலும், படியும் தூசியைக் காலந்தவறாது கழுவுதலும் அவசியம்.

நமக்குரிய பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணாம்புக் கற்பாறைகளிடையே தங்கும் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுமீறி இறைத்தால் உவர்நீர் மேலேறும். உவரான கிணறு எளிதில் மீளாது. வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோர் இதனை நன்கறிவர். இத்தகைய இடங்களில், விற்க வழியின்றிச் சூரிய இயந்திரத்தை மட்டும் பரப்பினால் நன்மையோடு தீமையும் வரலாம். மின்சாரத்தையும் ஒரு விளைபொருளாகக் கருதி, அதற்குச் சந்தையும் சங்கமும் அமைந்தால், கமக்காரரின் வருமானமும் கிணற்று நீரும் ஒருங்கே காக்கப்படும்.