குடியிருப்பில் கானாங்கோழி

நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளினத்தை வைத்தனர் தமிழ் இலக்கண நூலார். நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் மருதநிலப் பறவைகளை எண்ணுமிடத்து நாரை, அன்னம், குருகு முதலியவற்றோடு கம்புளையும் எண்ணுகிறது. கம்புள் என்பது கானாங்கோழியே என்பர். சம்பங்கோழி என்ற பெயரும் அதற்கு உண்டு. வயலும் குளமும் வீட்டுமனைகளாகிவிட்ட இந்நாளில் அம்மருதப் பறவை நமக்கு அயலாராகியுள்ளது. அதன் ஓயாத குரல் பலருக்கு இடையூறாகவும் தோன்றுகிறது. அக்குரலின் காரணத்தை அறிந்தால், அதனோடு வாழும் வழியும் புலப்படும்.

தோற்றமும் இயல்பும்

கானாங்கோழி ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுடையது. முதுகு கருஞ்சாம்பல் நிறம். முகமும் மார்பும் தூய வெண்மை. வாலின் அடிப்புறம் செம்பழுப்பு. குட்டையான வாலை வெடுக்கென ஆட்டியவாறே நடக்கும். புழு, பூச்சி, நத்தை, விதை ஆகியன அதன் உணவு. அதன் உறவுப் பறவைகள் பல மனிதரைக் கண்டதும் நாணலுள் மறையும். இதுவோ வேலியோரத்திலும் சாக்கடையோரத்திலும் வெளிப்படையாக மேயும். எனவேதான் ஊர் நடுவே ஒரு குட்டையும் சிறிது புதரும் இருந்தாலே அங்குத் தங்கிவிடுகிறது.

ஓசையின் காரணம்

கோடையில் இப்பறவை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மழை தொடங்கி இனப்பெருக்கக் காலம் வந்ததும் குரல் எழும். உறுமலும் கரகரப்புமாகத் தொடங்கி, ‘க்வாக், க்வாக்’ எனப் பல நிமிடங்கள் இடைவிடாது ஒலிக்கும். விடியலிலும் அந்தியிலும் மிகுதியாகக் கேட்கும். மேகம் மூடிய பகலிலும் இரவிலும்கூட ஓயாது. துணையை அழைப்பதும் தன் எல்லையை அறிவிப்பதுமே அதன் நோக்கம். கூட்டில் ஆறு, ஏழு முட்டைகள் இருக்கும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். கருந்தூவி போர்த்த குஞ்சுகள் பொரித்த சில நாட்களிலேயே தாய்தந்தையரைப் பின்தொடரும். பருவம் கழிந்ததும் ஆரவாரம் அடங்கும்.

இடையூறும் தீர்வும்

நோயாளரும், தேர்வுக்குப் படிக்கும் மாணவரும், கைக்குழந்தையை உறங்கவைக்கும் தாயரும் கூறும் குறையைப் பொய்யென ஒதுக்கலாகாது. இரவில் உறக்கம் கெடுவது மெய்யான துன்பமே. ஆயினும் அதற்குச் சிலர் கூறும் தீர்வு, குட்டையைத் தூர்த்துவிடலாம் என்பது. கொசுவும் ஒழியும் என்று அவர்கள் காரணம் காட்டுவர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவோ பெரிதும் வீட்டுத் தொட்டியிலும், பழைய டயரிலும், தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கும் நீரில் முட்டையிடுவது. குட்டையைத் தூர்ப்பதால் அது ஒழியாது.

தூர்த்த குட்டையின் நீர் எங்கே செல்லும்? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களுக்கு இரையாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதனை அடுத்த வேளச்சேரி முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. நீருக்குரிய இடத்தை நாம் எடுத்துக்கொண்டால், நமக்குரிய இடத்தை நீர் எடுத்துக்கொள்ளும். மேலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும், அவற்றின் கூட்டைக் கலைத்து முட்டைகளை எடுப்பதும் குற்றமாகும்.

செய்யத்தக்கன எளியவை. குட்டையில் குப்பையும் கழிவுநீரும் சேராமல் காத்தல் வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிய புதர்களைக் கோடையிலேயே திருத்தி, எதிர்க்கரையில் புதரை வளரவிட்டால், பறவை சற்று விலகிக் கூடு கட்ட வாய்ப்புண்டு. அடைகாக்கும் நாட்களில் கரையை வெட்டித் துப்புரவாக்குவதைத் தவிர்க்க வேண்டும். ஓசை மிகும் சில வாரங்களுக்குப் படுக்கையறையை மறுபக்கம் மாற்றிக்கொள்வதும் ஏற்ற வழியே.

கானாங்கோழி கூவும் ஊரில் இன்னும் நீர் இருக்கிறது. நிலத்தடியில் ஊற்றும் இருக்கக்கூடும். அக்குரல் அடியோடு நின்ற ஊர் அமைதி பெற்றதாகக் கருதி மகிழ்தல் தகாது. அவ்வூரார் முதலில் தம் கிணற்றை எட்டிப் பார்த்தல் நலம்.