ஆய்வுகூடத் தட்டில் வளரும் நோய்: ஸ்டெம் செல் ஆய்வும் நாம் ஏமாறக்கூடாத இடமும்

ஈரலில் நோய் என்றால் வைத்தியர்கள் ஊசி மூலம் சிறு துண்டொன்றை எடுத்துப் பரிசோதிக்கலாம். இரத்தத்தையும் தோலையும் எடுப்பது இன்னும் இலகு. ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரின் முண்ணாணிலிருந்து நரம்புக் கலங்களை வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. இதனால் நரம்பு நோய்கள் பற்றி மருத்துவம் நீண்டகாலமாக அறிந்தவற்றில் பெரும்பகுதி, இறந்தவர்களின் உடல்களைப் பார்த்து அறிந்ததே. வீடு எரிந்து முடிந்த பின்னர் சாம்பலைக் கிளறி, தீ எங்கே பிடித்தது என்று தேடுவது போன்ற வேலை அது.

இந்தத் தடையைத் தாண்ட உதவியவை ஸ்டெம் செல் எனப்படும் மூலக் கலங்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களில் பலருக்குச் சிகிச்சைதான் நினைவுக்கு வருகிறது. உயிரியல் கற்பிப்பவன் என்பதால் என்னிடமும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் நோயை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க உதவுவதே மூலக் கலங்களின் பெரிய பயன்களில் ஒன்று. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் மக்கள் தெரிந்துவைத்திருப்பது அவசியம் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

பின்னோக்கித் திரும்பிய தோற்கலம்

எமது உடல் ஒரேயொரு கலத்திலிருந்து தொடங்குகிறது. அது பிரிந்து பெருகி, சில தோலாகவும் சில தசையாகவும் சில நரம்பாகவும் மாறுகின்றன. எந்த வகையாகவும் மாறக்கூடிய ஆரம்ப நிலைக் கலங்களே மூலக் கலங்கள். 1998 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தொம்சன் குழுவினர் மனித முளையத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்தனர். முளையத்தை அழிக்க வேண்டியிருந்ததால் எதிர்ப்பும் எழுந்தது.

2006 இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாகாவும் கசுதோஷி தகாஹாஷியும் வேறு வழியைக் கண்டனர். சுண்டெலியின் முதிர்ந்த கலங்களுக்குள் நான்கு பரம்பரை அலகுகளைச் செலுத்தியதும், அவை பின்னோக்கித் திரும்பி மூலக் கலங்கள் போல மாறின. அடுத்த ஆண்டு மனிதரின் தோற்கலங்களிலும் இது சாத்தியமானது. இதற்காக யமனாகாவுக்கு, தவளைகளில் முன்னோடி ஆய்வு செய்த ஜோன் கேடனுடன் சேர்த்து, 2012 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

82 வயதுப் பெண்ணின் தோல்

இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹோக்கிங்கை சக்கர நாற்காலியில் பார்த்திருப்பீர்கள். அவரைப் பீடித்தது ஏ.எல்.எஸ். எனப்படும் நோய். தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாக மடியும். பின்னர் கை, கால், பேச்சு, மூச்சு என்று ஒவ்வொன்றாக இழக்க நேரும்.

2008 இல் அமெரிக்காவின் ஹாவாட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்நோயுடைய 82 வயதுப் பெண் ஒருவரின் தோலிலிருந்து சிறிதளவை எடுத்தனர். அக்கலங்களை மூலக் கலங்களாக்கி, பின்னர் இயக்க நரம்புக் கலங்களாக வளர்த்தனர். அவரது உடலைத் துன்புறுத்தாமல், அவரது பரம்பரைக் குறைபாட்டைச் சுமந்த நரம்புக் கலங்களே தட்டில் கிடைத்தன.

2014 இல் வெளியான ஆய்வொன்று அடுத்த படிக்குச் சென்றது. நோயாளிகளின் நரம்புக் கலங்கள் வழமைக்கு மீறி மின் துடிப்புகளை வெளியிட்டன. ஒரு நோயாளியின் கலங்களில் பழுதடைந்த பரம்பரை அலகைத் திருத்தியபோது அந்தப் படபடப்பு அடங்கியது. ஆகவே காரணம் அந்தப் பழுதே என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. வலிப்பு நோய்க்குப் பயன்பட்ட ரெட்டிகபின் என்ற மருந்தும் அதே படபடப்பைக் குறைத்தது.

இதன் அடிப்படையில் 65 நோயாளிகளிடம் மருந்து பரிசோதிக்கப்பட்டு, 2021 இல் முடிவு வெளியானது. தட்டில் கண்டது போலவே மனிதரிலும் நரம்புகளின் மிகைத் துடிப்பு குறைந்தது. ஆனால் அது நோயைக் குணப்படுத்தியதாக அந்த ஆய்வு சொல்லவில்லை. பக்கவிளைவுகளாலும் விற்பனைக் குறைவாலும் அந்த மருந்து 2017 இலேயே சந்தையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. ஆனாலும், தட்டில் பிறந்த ஒரு கருத்தை மனித உடலில் சரிபார்க்கலாம் என்பது நிரூபணமானது.

தட்டு உடலாகாது

இந்த முறைக்குக் குறைகளும் உண்டு. 82 வயதுக்காரரின் கலம் பின்னோக்கித் திரும்பும்போது அதன் முதுமையின் அடையாளங்களும் பெருமளவு அழிந்துவிடுகின்றன. கிடைப்பது, பிறக்காத குழந்தையின் கலம் போன்ற இளம் நரம்பு. முதுமையில் வரும் நோயை இளம் கலத்தில் பார்ப்பது சிக்கலானது. தட்டில் இரத்த ஓட்டமில்லை, நோயெதிர்ப்புத் தொகுதியில்லை. அதனால்தான் தட்டில் வென்ற மருந்து மனிதரில் தோற்கவும் கூடும்.

எங்களுக்கு இதில் என்ன?

போரில் முண்ணாண் காயமடைந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வின்றி வாழும் பிள்ளைகளை எங்கள் கிராமங்களில் நான் அறிவேன். அவர்களின் பெற்றோர் கைத்தொலைபேசியில் விளம்பரங்களைக் காட்டி, "காணியை வித்தாவது அனுப்பலாமோ?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கூறவேண்டியது கடமை.

முண்ணாண் காயத்துக்கும் உண்மையான ஆய்வு நடக்கிறது. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் 2021 இறுதியில் தொடங்கிய முதல் மனிதப் பரிசோதனையில் பங்குபற்றியவர்கள் நான்கு பேர் மட்டுமே. அவர்கள் அனைவரும் காயமடைந்து 14 முதல் 28 நாட்களுக்குள் இருந்தவர்கள். எங்கள் பிள்ளைகளின் காயங்களோ 2009 இற்கும் அதற்கும் முற்பட்டவை. பழைய காயத்தில் தழும்பு இறுகியிருப்பதால் அது வேறு விதமான சிக்கல்.

மூலக் கலச் சிகிச்சையில் நன்கு நிலைபெற்றது, இரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்கான என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை. பழைய முண்ணாண் காயத்தைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மூலக் கல ஊசி இன்றுவரை இல்லை.

எனவே யாராவது பணம் கேட்டால் மூன்று விடயங்களைக் கேளுங்கள். இது பதிவுசெய்யப்பட்ட மருத்துவப் பரிசோதனையா? எந்த ஒழுக்கநெறிக் குழு அனுமதித்தது? பரிசோதனை என்றால் நோயாளியிடம் ஏன் பெருந்தொகை அறவிடுகிறீர்கள்? தெளிவான பதில் வராவிட்டால் காணியை விற்காதீர்கள். அந்தப் பணம் படுக்கைப் புண் வராமல் காக்கும் மெத்தைக்கும், சிறுநீர்த் தொற்றுக்கான மருந்துக்கும், ஒழுங்கான உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் உதவும். நல்ல சிகிச்சை வரும் நாளில் அதைப் பெறுவதற்கு, உடல் இன்று பேணப்பட்டிருக்க வேண்டும்.