விலை சரிந்த பங்கு எல்லாம் மலிவா? வாரன் பஃபெட் ஜெயித்த இடமும் சறுக்கிய இடமும்!

நல்ல கம்பெனி என்று நினைத்த பங்கின் விலை திடீரென பாதியாகிவிட்டது. இன்னும் வாங்கலாமா, இல்லை விற்றுவிட்டு வெளியேறலாமா? இந்தக் கேள்விக்கு எந்த ஆப்பும் பதில் சொல்லாது. வாரன் பஃபெட் வாழ்க்கையில் நடந்த இரண்டு சம்பவங்கள் கொஞ்சம் உதவலாம்.

வேல்யூ இன்வெஸ்டிங் என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தின் உண்மையான மதிப்பைவிடக் குறைந்த விலைக்குப் பங்கை வாங்கி, பல ஆண்டுகள் வைத்திருப்பது. பஃபெட்டின் ஆசிரியர் பெஞ்சமின் கிரஹாம் போட்ட பாதை இது. கேட்க ஈஸிதான். ஆனால் அந்த 'உண்மையான மதிப்பு' எங்கேயும் அச்சடித்து இருக்காது. நாம்தான் கணிக்க வேண்டும்.

1963-ல் நடந்தது என்ன?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், கிடங்கு டேங்குகளில் சமையல் எண்ணெய் இருப்பதாகக் காட்டிக் கடன் வாங்கினார் டினோ டி ஏஞ்சலிஸ் என்ற வியாபாரி. பல டேங்குகளில் மேலே மட்டும்தான் எண்ணெய், கீழே தண்ணீர்! எண்ணெய் இருப்பதாக ரசீது கொடுத்தது அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் துணை நிறுவனம். மோசடி வெளியே வந்ததும், கடன் கொடுத்தவர்கள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பக்கம் திரும்பினார்கள். சுமார் 60 டாலரில் இருந்த பங்கு 1964 தொடக்கத்தில் 35 டாலருக்கு வந்தது.

பஃபெட் என்ன செய்தார்?

ஒமாஹாவில் ஒரு ஸ்டீக் ஹவுஸின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கவனித்தார். மக்கள் வழக்கம்போல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். வங்கிகளில் டிராவலர்ஸ் செக் விற்பனையும் குறையவில்லை. அதாவது, அடி விழுந்தது பணத்தில்; மக்களின் நம்பிக்கையில் இல்லை.

சுமார் 1.3 கோடி டாலரை இறக்கினார். கடன் கொடுத்தவர்களுக்கு 6 கோடி டாலர் தர நிறுவனம் முன்வந்தபோது, சில பங்குதாரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டனர். பஃபெட்டோ 'கொடுத்துவிடுங்கள்' என்ற பக்கம் நின்றார். பெயர் கெட்டால் அந்த பிசினஸே இல்லை என்பது அவர் கணக்கு. பின்னர் அந்தப் பங்குகளை நல்ல லாபத்தில் விற்றார்.

அப்போ எங்கே சறுக்கினார்?

1993-ல் டெக்ஸ்டர் ஷூ நிறுவனத்தை சுமார் 43 கோடி டாலருக்கு வாங்கினார். அதையும் ரொக்கமாகத் தராமல், தன் பெர்க்‌ஷயர் ஹாத்வே பங்குகளாகக் கொடுத்தார். சில ஆண்டுகளிலேயே மலிவான இறக்குமதிச் செருப்புகள் சந்தையைப் பிடித்தன. டெக்ஸ்டரின் மதிப்பு ஒன்றுமில்லாமல் போனது. கொடுத்த பெர்க்‌ஷயர் பங்குகளோ பல மடங்கு ஏறின. தான் செய்த மிக மோசமான டீல் இதுதான் என்று பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில் பஃபெட்டே ஒப்புக்கொண்டார்.

டெக்ஸ்டரின் பழைய லாபக் கணக்கில் குறை இல்லை. அந்த லாபம் தொடருமா என்ற கணிப்புதான் தப்பியது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை:

* விலை ஏன் விழுந்தது? ஒருமுறை வந்த அடியா, பிசினஸே தேய்கிறதா?
* வாடிக்கையாளர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்களா?
* நஷ்டத்தைத் தாங்கும் அளவுக்குப் பணம் இருக்கிறதா, கடன் எவ்வளவு?
* என் கணிப்பு தப்பானால் என் சேமிப்பில் எவ்வளவு போகும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் 'சீப்பா கிடைக்குது' என்று மட்டும் வாங்குவது ரிஸ்க்தான். பஃபெட்டுக்கு ஒரு டெக்ஸ்டரைத் தாங்கும் பலம் இருந்தது. மாதச் சம்பளத்தில் சேர்த்த பணத்துக்கு அது இருக்காது.

(இது தகவலுக்கான கட்டுரை மட்டுமே. முதலீடு செய்யும் முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரை அணுகவும்.)