கிருமிக்கொல்லியும் மூலிகையும்

மூலிகை என்ற பேச்சு எழுந்தவுடன் நம்மவரிடையே இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. முன்னோர் கண்ட பச்சிலை இருக்க, அந்நியர் கண்ட மாத்திரை எதற்கு என்று கேட்பது ஒரு கட்சி. பாட்டியின் கஷாயத்துக்கும் விஞ்ஞான சாஸ்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நகைப்பது மற்றொரு கட்சி. இவ்விரு சாராரும் வாதம் புரிந்துகொண்டிருக்கும்போதே, இவ்வாதத்தைச் சற்றும் பொருட்படுத்தாத மூன்றாவது கட்சி ஒன்று நாளுக்கு நாள் பலம் பெற்று வருகிறது. அதுவே மருந்துக்கு மசியாத கிருமிகளின் கட்சி.

அதன் பலம் எத்தகையது? 2019-ம் வருஷத்தில் மட்டும், மருந்தை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்களால் நேரடியாக மாண்டவர் உலகெங்கும் சுமார் 12,70,000 பேர் என்ற மதிப்பை 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகை 2022-ல் வெளியிட்டது. பிரசவித்த தாயும், பிறந்த சிசுவும், ரண சிகிச்சை பெற்றுப் படுத்திருப்பவரும், ஆண்டிபயாடிக் என்று டாக்டர்கள் கூறும் கிருமிக்கொல்லி மருந்துகளின் காவலில்தான் இன்று பிழைக்கின்றனர். அக்காவல் தளர்ந்தால் அவர்களுடைய கதி என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வபாயம் முன்னறிவிப்பின்றி வந்ததன்று. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்ற சமயத்திலேயே, அளவு குறைய உட்கொண்டால் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை உலகம் செவியில் வாங்கவில்லை, நாமும் வாங்கவில்லை. டாக்டரின் சீட்டு இல்லாமலே கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவதும், ஜலதோஷத்துக்குக்கூடக் கிருமிக்கொல்லி கேட்பதும், சுரம் விட்டதும் மருந்தை நிறுத்துவதும் நம்மிடையே சாதாரண வழக்கமாயின. 2012-ல் வைத்திய சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடி, இதற்கோர் வரம்பு வேண்டுமென வற்புறுத்தினர். அது 'சென்னைப் பிரகடனம்' என்று வழங்குகிறது. பின்னர் 2014-ல், பல கிருமிக்கொல்லிகளைச் சீட்டின்றி விற்பதைத் தடுக்கும் விதி அமுலுக்கு வந்தது. விதி வந்துவிட்டது, வழக்கம் முற்றும் மாறிவிட்டது என்று கூற இயலாது.

இனி, முரட்டுக் கிருமியை வெல்லும் வழி யாது? க்ஷயரோக சிகிச்சையின் சரித்திரம் இதற்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. 1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் நோயாளிகளிடம் பரீட்சித்து, 1948-ல் முடிவை வெளியிட்டது. ஆரம்பத்தில் குணம் தெரிந்தது. ஆனால், பெரும்பாலோர் உடலில் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கும் வல்லமை பெற்றுவிட்டன. பின்னர் 'பாஸ்' என்னும் மற்றொரு மருந்தையும் உடன் சேர்த்துக் கொடுத்தபோது அவ்வெதிர்ப்பு வெகுவாக அடங்கிற்று. ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றுக்கு இரையாயிற்று. அன்று முதல், க்ஷயத்துக்குத் தனி மருந்து கொடுப்பதில்லை என்பது உலக வைத்தியத்தின் உறுதியான கொள்கை.

துணை மருந்து என்பது தானே கொல்லும் மருந்தாக இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் சில கிருமிகள் சுரக்கின்றன. கிளாவுலானிக் அமிலம் அந்நொதியைக் கட்டிப்போடுகிறது. கிருமியைக் கொல்லும் சக்தி இவ்வமிலத்துக்கு அற்பமே. ஆயினும் அமாக்ஸிசிலினுடன் சேர்ந்து, தோற்ற மருந்தை மீண்டும் வெற்றி பெறச் செய்கிறது. இதனை அளிப்பது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர். மண்ணிலுள்ள நுண்ணுயிர் அளிக்கும் இத்தகைய துணையை மண்ணில் முளைக்கும் செடி ஏன் அளிக்கலாகாது? மூலிகையைப் பற்றி நாம் கேட்கவேண்டிய நேரான கேள்வி இதுதான்.

அளிக்கக்கூடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மரமஞ்சள் என்று நம் வைத்தியர்கள் வழங்கும் சரக்கிலும், மலைப்பிரதேசங்களில் வளரும் பெர்பெரிஸ் என்னும் முட்செடிகளிலும் பெர்பரின் என்ற கசப்புச் சத்து உண்டு. அது கிருமியைக் கொல்லும் தன்மை உடையது. ஆனால், ஓட்டைப் படகில் புகுந்த நீரை ஓடக்காரன் இறைத்துக் கொட்டுவதுபோல, ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் சீழ்க்கிருமி தன்னுள் புகுந்த அச்சத்தை உடனே வெளியே இறைத்துவிடுகிறது. பிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் 2000-ல் ஓர் அதிசயத்தை வெளியிட்டனர். அதே பெர்பெரிஸ் செடிகளிலேயே, இறைக்கும் கையைப் பிடித்து நிறுத்தும் மற்றொரு சத்தும் இருக்கிறதாம். தனியே அதற்குக் கொல்லும் சக்தி இல்லை; பெர்பரினுடன் சேர்ந்தாலோ பெருந்துணையாகிறது. குஷ்டரோகத்துக்கு முன்பு வழங்கிய நீரடிமுத்து எண்ணெயிலும் இச்சத்து சிறிதளவு இருப்பது முன்னரே தெரிந்த விஷயம்.

நம் தேசத்தின் ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் கூடிய திரிகடுகத்தைப் பிற மருந்துகளுடன் சேர்ப்பது சித்த, ஆயுர்வேத வைத்தியர்களின் நெடுநாள் வழக்கம். இதன் காரணத்தை ஜம்முவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் தேடினர். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்னும் சத்து, சில மருந்துகளை உடல் அதிகமாக ஏற்கும்படியும், விரைவில் கழித்துவிடாதபடியும் செய்கிறது என்று கண்டனர். அதன் பயனாக 2009-ல் க்ஷயரோகத்துக்கு ஒரு புதிய கூட்டு மாத்திரை வெளிவந்தது. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கும் ரிபாம்பிசினை 200 மில்லிகிராமாகக் குறைத்து, 10 மில்லிகிராம் பைப்பரினை அதில் சேர்த்தனர். சீழ்க்கிருமி சிப்ரோபிளாக்ஸசினை வெளியே இறைப்பதைப் பைப்பரின் தடுக்கிறது என்பதையும் அதே நிலையத்தார் 2006-ல் காட்டினர்.

இதைக் கேட்டதும் முதற் கட்சியார் மார்தட்டக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் கிருமி மடிவது வேறு. மனித உடலில் நோய் தீர்வது வேறு. குழாயில் வெற்றி கண்ட சத்துக்களுள் பல, வயிற்றில் செரித்து இரத்தத்தை எட்டாமலே அழிகின்றன. பெர்பெரிஸ் செடியின் துணைச்சத்து வெளிப்பட்டுக் கால் நூற்றாண்டு ஆகியும், அது ஆஸ்பத்திரி மருந்தாகவில்லை. மிளகுச் சத்து சேர்ந்த மாத்திரையும் நம் சர்க்காரின் க்ஷயரோகத் திட்டத்தில் வழக்கமான மருந்தாக இடம் பெறவில்லை.

'துணையாக' என்பதற்கும் 'பதிலாக' என்பதற்கும் உள்ள தூரத்தை ஜெர்மனியில் நடந்த ஒரு பரீட்சை நன்கு காட்டுகிறது. சிறுநீர்த் தொற்று கண்ட பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கிருமிக்கொல்லியும், மற்றொரு பகுதியினருக்கு முதலில் உவா உர்சி என்னும் செடியின் இலைச்சத்தும் கொடுத்துப் பார்த்தனர். 2021-ல் முடிவு வெளியாயிற்று. இலைச்சத்தைப் பெற்றவர்களிடையே கிருமிக்கொல்லியின் உபயோகம் பெரிதும் குறைந்தது உண்மை. அதே சமயத்தில் அவர்களுடைய உபாதை அதிகமாயிற்று. சிறுநீரகம் வரை நோய் பரவியவரும் அவர்களிடையேதான் அதிகம். இப்பெண்கள் டாக்டர்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். கண்காணிப்பார் இல்லாத குக்கிராமத்தில் என்ன நேரும்?

மூலிகையில் தீங்கே இல்லை என்ற நம்பிக்கையும் தவறானது. ஒரு மருந்தின் வேகத்தைக் கூட்டும் மிளகுச் சத்து, வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பெனிடாயின் போன்ற மருந்தின் அளவையும் இரத்தத்தில் கூட்டிவிடும். பூண்டுச் சத்து மாத்திரைகள், எச்.ஐ.வி. நோய்க்கான சாக்வினாவிர் மருந்தை இரத்தத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிட்டதை 2001-ல் கண்டனர். இணையத்தின் வழியே விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் பரிசோதித்தபோது, ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரஸம், பாஷாணம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்ததாக 2008-ல் அறிவித்தனர். சுதேசி என்ற முத்திரை விஷத்தை அமிர்தமாக்கிவிடாது.

அப்படியானால் மூலிகையைக் கைவிடுவதா? சீனர் கைவிடவில்லை. நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹோங் என்னும் வைத்தியரின் நூலில், சுரத்துக்கு ஒரு பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும் முறை காணப்பட்டது. காய்ச்சாமல் ஊறவைக்கும்படி கூறியிருப்பதை து யூயூ அம்மையார் கவனித்தார். 1971-ல் சூடு குறைந்த முறையில் அப்பூண்டின் சத்தைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருஷம், நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தம் உடலிலேயே சோதித்துக்கொண்டார். அதுவே மலேரியாவை அடக்கும் ஆர்ட்டிமிசினின். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இம்மருந்தையும் தனியே கொடுத்தால் மலேரியாக் கிருமி எதிர்க்கப் பழகிவிடும் என்பதால், பிற மருந்துடன் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2006-ல் வற்புறுத்திற்று. பழைய ஏட்டை மதித்தல், அதனைப் பரீட்சைக்கு உட்படுத்தல், துணை சேர்த்துப் பிரயோகித்தல் என்ற மூன்று பாடங்களும் இந்த ஒரு சரித்திரத்தில் அடங்கியிருக்கின்றன.

நமக்கு என்ன குறை? சுதேச வைத்திய முறைகளை ஆராய்வதற்கு 1921-லேயே முகம்மது உஸ்மான் தலைமையில் சென்னை ராஜதானியில் ஒரு கமிட்டி அமைந்தது; 1923-ல் அது அறிக்கை சமர்ப்பித்தது. நூறு வருஷங்கள் கடந்துவிட்டன. இன்று தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 1956-ல் தொடங்கி, க்ஷய நோயாளியை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்த ஆராய்ச்சி நிலையம் சேத்துப்பட்டில் இருக்கிறது. ஏட்டறிவும் பரீட்சை அறிவும் ஒரே நகரத்தில், ஒரு ரயில் பிரயாண தூரத்தில் உள்ளன. நம் சரக்குகளுள் எது எந்தக் கிருமிக்கொல்லிக்கு உண்மைத் துணை, எது இடையூறு என்பதை நோயாளிகளிடம் முறையாகப் பரீட்சித்து, வெற்றியோடு தோல்வியையும் ஒளிக்காமல் வெளியிடும் வேலைக்குப் பணமும் ஆட்களும் வேண்டும். சட்டசபையில் மூலிகையின் பெருமை பேசுவோர் முதலில் இதற்குப் பணம் ஒதுக்கும்படி கேட்கட்டும்.

அவ்வேலை முடியும்வரை, ஊர் ஊராகச் சென்று தொண்டு புரியும் ஊழியர்கள் ஜனங்களிடம் எடுத்துச் சொல்லவேண்டியவை சிலவே. டாக்டர் எழுதாத கிருமிக்கொல்லியைத் தொடலாகாது. எழுதியதை அவர் குறித்த நாள்வரை நிறுத்தலாகாது. கஷாயமோ சூரணமோ உண்பவர் அதை டாக்டரிடம் மறைக்கலாகாது. அதைக் கேட்டு டாக்டரும் நகைக்கலாகாது. க்ஷயத்துக்கு மருந்துண்பவரிடம், "மாத்திரையை விட்டுவிடு, என் பச்சிலை போதும்" என்று கூறுபவர் எவராயினும், எந்த முறை வைத்தியராயினும், அந்நோயாளிக்கும் அவன் வீட்டாருக்கும் தீங்கிழைப்பவரே. பாதியில் விட்ட சிகிச்சையில் வளரும் முரட்டுக் கிருமி ஒரு வீட்டோடு நிற்பதில்லை.