போய்ச் சேராத மடல்கள்

என் பாட்டனார் இக்கல்லூரியின் பழைய மாணவர், மேட்டூரில் வாழ்பவர். தமக்குத் தமிழ் பயிற்றிய ஆசிரியர் பெருமானின் நினைவுக் கூட்டத்திற்குச் சென்ற ஆண்டு அவர் வந்திலர். விடுமுறையில் யான் வினவியபோழ்து, ‘எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே, கண்ணு’ என்று முகம் வாடினார். அறிவிப்பு மடலோ பழைய மாணவர் அனைவர்க்கும் மின்னஞ்சல் வழியே விடுக்கப்பட்டிருந்தது. அவரது கைப்பேசியைத் துழாவியபோது, அம்மடல் ‘ஸ்பாம்’ என்னும் குப்பைப் பெட்டியுள், விளம்பரங்களுக்கிடையே, திறவாது கிடந்தது!

கடைமடைக்கு நீர் வாராவிடின் அணையைப் பழித்துப் பயனில்லை. எம்மதகில் நின்றதென்று தேடுதல் வேண்டும். மேட்டூரார்க்கு இதனைச் சொல்ல வேண்டுவதில்லை. அங்ஙனம் தேடிக் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

வேண்டா அஞ்சல் புதியதன்று. 1978ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேர்க்கு ஒரே விளம்பரத்தை விடுத்தார். அதனையே முதலாவதெனக் கூறுவர். பின்னர் இவ்வகை மடல்கள் பெருகவே, பெறுவோர் சர்வர்கள் வாயிலிற் காவல் வைத்தன. அக்காவலர் மடலின் பொருளை மட்டும் நோக்குவாரல்லர்; ‘உன்னை விடுத்தவர் யார்?’ என்றும் வினவுவர்.

ஒரு முகவரிப் பெயரால் மடல் விடுக்க உரிமையுடைய சர்வர்கள் இவையென அப்பெயர்க்குரியார் வெளியிடும் பட்டியல் எஸ்.பி.எப். எனப்படும். டி.கே.ஐ.எம். என்பது அரக்கு முத்திரை போல்வது. முத்திரைக்குட்பட்ட பகுதியில் ஓரெழுத்து மாறினும் பொருந்தாது. இவ்விரண்டில் ஒன்றேனும் அனுப்புநர் பெயரோடு இயையாவிடின் மடலை என்செய்வதென்று டி.மார்க் கட்டளையிடும்.

குழுமடலுக்கு இடர் நேர்வது இங்கேதான். ஒருவர் எழுதியதைக் குழுவின் சர்வர் பெற்று, தலைப்பிற் குழுப்பெயரைச் சேர்த்து, அடியிற் குறிப்பொன்றை ஒட்டி, எழுதியவர் பெயராலேயே பலர்க்கும் விடுக்கின்றது. விடுப்பதோ வேறு சர்வர், முத்திரையும் உடைந்தது. நன்மனத்தோடு செய்த உதவி கள்ள மடலின் கோலத்தைத் தந்துவிடுகிறது. 2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம் தன் பெயரில் வரும் இயையா மடல்களை மறுக்குமாறு கட்டளை வெளியிட்டது. யாகூ முகவரியினர் குழுக்களுக்கு எழுதியவை பல இடங்களிற் திரும்பின. விந்தை யாதெனில், அவற்றைப் பெறவிருந்த வேறு முகவரியினரும், பன்முறை மடல் திரும்பிய குற்றத்திற்காகக் குழுக்களினின்று தாமாகவே நீக்கப்பட்டனர்! 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும், தன் பயனர்க்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் விடுப்போர் இம்மூன்றையும் அமைத்தல் வேண்டுமென விதித்துளது.

எம் சங்கத்து மடலின் பழுதும் இவ்வினத்ததே. ஒருவரது சொந்த இலவச முகவரியை அனுப்புநராக இட்டு, பிறிதொரு சேவையின் வழியே அனைவர்க்கும் விடுத்திருந்தோம்.

பரிகாரம் தேடுவோர் முதலில் திரும்பிவந்த அறிவிப்பைப் படித்தல் வேண்டும். அதிலுள்ள எண் 4இல் தொடங்கின் தடை தற்காலிகமானது. சர்வர் மீண்டும் முயலும். 5இல் தொடங்கின் அது முடிந்த மறுப்பு. திரும்பவுமில்லை, காணவுமில்லையெனின் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்க்க. சங்கத்திற்கென ஒரு முகவரிப் பெயர் கொண்டு மேற்கூறிய மூன்றையும் அமைத்தலும், குழுவின் முகவரியையே அனுப்புநராகக் காட்டுதலும், செல்லாத முகவரிகளைக் களைதலும் விடுப்போர் கடன். பெறுவோர் ‘இது ஸ்பாம் அன்று’ எனக் குறித்தால் காவலர் கற்றுக்கொள்வர். குழுவை விரும்பாதார் முறைப்படி விலகுக. சோம்பலாற் குப்பையென்று பொத்தானை அழுத்துவோர் பிறர் மடலையும் தடுப்பவராவர்.

பழுது நீக்கிச் சென்ற திங்கள் சோதனை மடலொன்று விடுத்தோம். மேட்டூரிலிருந்தே முதல் மறுமொழி வந்தது: ‘கிடைத்தது. ஒற்றுப்பிழை இரண்டு உள.’