பூட்டின் திறம்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. இவ்வுண்மை மன்னரது கருவூலத்திற்கு மட்டுமன்று, மாணவன் ஏறிச் செல்லும் மிதிவண்டிக்கும் பொருந்தும். செங்கற்பட்டுப் புகைவண்டி நிலையத்திற்குக் காலையில் சென்று பாருங்கள். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மிதிவண்டியில் வருவோர், அதனை நிறுத்திப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் புகைவண்டி ஏறுகின்றனர். அவர்கள் மாலையில் திரும்பும் வரை அவ்வண்டியைக் காத்து நிற்பது உள்ளங்கையளவான ஒரு பூட்டேயாகும். அப்பூட்டுத் தோற்குமாயின், ஒருவர் வேலைக்குச் செல்லும் வழி அடைபடும். ஒரு மாணவியின் படிப்பும் தடைபடக்கூடும். ஆகவே, நல்ல பூட்டு எவ்வாறு அமைகிறது, அதன் திறம் எவ்வாறு சோதிக்கப்படுகிறது என்பவற்றை அறிந்துகொள்வது பயனுடைத்து.

மிதிவண்டியும் பூட்டும் நம் நாட்டுக்குப் புதியனவல்ல. 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அம்பத்தூரில் எழுந்தது. அவ்வூர் அக்காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். பூட்டுத் தொழிலிற் சிறந்த ஊர் திண்டுக்கல். அங்குக் கைத்திறனால் உருவாகும் மாங்காய்ப் பூட்டு முதலியவற்றின் பெருமையால் 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பூட்டின் உள்ளே நிகழ்வது யாது? இன்று பெரிதும் வழங்கும் பூட்டு வகைகளுள் ஒன்று, அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் 1860களில் திருத்தி அமைத்த உருளைப் பூட்டாகும். அதனுள் சிறு ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் ஊசியும் இரண்டு துண்டுகளால் ஆனது. மேலிருந்து ஒரு சுருள்வில் அதனை அழுத்திக்கொண்டிருக்கும். ஊசிகள் குறுக்கே நிற்பதால் உருளை திரும்பாது. உரிய திறவுகோலை நுழைத்தால், அதன் மேடுபள்ளங்கள் ஒவ்வோர் ஊசியையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்குகின்றன. துண்டுகள் பிரியும் இடங்கள் யாவும் ஒரே கோட்டில் அமைந்தவுடன் உருளை சுழல்கிறது, பூட்டும் திறக்கிறது. ஊசிகள் 5 என்றும், ஒவ்வொன்றுக்கும் 6 உயரங்கள் உண்டு என்றும் கொள்வோம். அப்போது 6 என்னும் எண்ணை ஐந்து முறை பெருக்கினால் வரும் 7,776 வகைத் திறவுகோல்களை அமைக்கலாம். அவற்றுள் ஒன்றே அப்பூட்டுக்கு உரியது.

ஆயினும், உள்ளமைப்பு மட்டும் சிறந்திருந்தாற் போதாது. நம் ஊர் மிதிவண்டிகளிற் பெரிதும் காணப்படுவது பின்சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்கிடையே வளைந்த கம்பியொன்று செல்லும் வளையப் பூட்டு. அது சக்கரத்தைச் சுழலவொட்டாமல் தடுக்கும். ஆனால் வண்டியைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. சங்கிலியிட்டுத் தூணோடு பிணைக்கலாம் எனின், நீண்ட பிடிகளையுடைய வெட்டுக்கருவி மெல்லிய சங்கிலியை நொடிப்பொழுதில் துண்டித்துவிடும். இக்குறைகளை நீக்க முயன்றதன் பயனாக, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிரிப்டோனைட் நிறுவனத்தார் ஆங்கில 'யு' எழுத்தின் வடிவில் வளைந்த எஃகுப் பூட்டொன்றைப் பரப்பினர்.

அதன் வடிவத்தில் ஓர் இயற்பியல் உண்மை அடங்கியுள்ளது. நெம்புகோல் நீளும்தோறும் அதன் ஆற்றல் பெருகும் என்பதை நீவிர் கற்றிருப்பீர்கள். பூட்டின் உட்புறம் குறுகியிருந்தால் கடப்பாரையை நுழைத்து நெம்புவதற்கு இடமில்லை. எஃகினைத் தேர்ந்தெடுப்பதிலும் நுட்பம் உண்டு. மிகக் கடினமான எஃகு அரத்திற்கும் வாளுக்கும் அசையாது. ஆனால் சம்மட்டி அடிபட்டால் நொறுங்கக்கூடும். மென்மையான எஃகு நொறுங்காது. ஆனால் எளிதில் அறுபடும். எனவே, மேற்புறம் கடினமாகவும் உட்புறம் வலிமை குன்றாது வளைந்து கொடுப்பதாகவும் அமையுமாறு எஃகினைப் பதப்படுத்துகின்றனர்.

செய்த பூட்டினைத் தாமே புகழ்ந்துகொள்வது எளிது. அதனைப் பிறர் கையில் கொடுத்து, 'முடிந்தால் திறந்து பாருங்கள்' என்பதே அரிய செயலாகும். இலண்டனில் ஜோசப் பிராமா என்பவர் 1790இல் தம் கடையில் பூட்டொன்றை வைத்து, அதனைத் திறப்பவர்க்கு 200 கினி பரிசளிப்பதாக அறிவித்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அதனை ஒருவராலும் வெல்ல இயலவில்லை. 1851இல் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், 16 நாட்களில் பலமுறை அமர்ந்து, 51 மணி நேரம் உழைத்து அதனைத் திறந்தார். அது குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது. எனினும் பூட்டுத் தொழில் அதனால் அழிந்துவிடவில்லை; குறையை உணர்ந்தோர் மேலும் சிறந்த பூட்டுகளைச் செய்யத் தலைப்பட்டனர்.

மிதிவண்டிப் பூட்டுக்கும் இத்தகைய தேர்வு நடந்தது. 1972இல் நியூயார்க் நகரத் தெருவொன்றில், 'யு' வடிவப் பூட்டினால் பிணைக்கப்பெற்ற மிதிவண்டி 30 நாள் காவலின்றி விடப்பட்டது. கழற்றக் கூடிய உறுப்புகள் யாவும் களவுபோயின. ஆனால் பூட்டுப் பிணைத்திருந்த பகுதி அங்கேயே நின்றது. நிறுவனத்தின் புகழ் பரவியது.

ஆனால் புகழ் சோதனைக்கு ஈடாகாது. அவ்வகைப் பூட்டுகள் சிலவற்றின் திறவுகோல் குழல் வடிவானது. எழுதுகோலின் நெகிழிக் குழாயை அதனுள் அழுத்தித் திருப்பினால் பூட்டுத் திறந்துகொள்ளும் என்பது 2004இல் உலகெங்கும் வெளிப்பட்டது. எஃகினை வெல்ல வெட்டுக்கருவி தேவைப்படவில்லை. சில்லறைக் காசு பெறும் எழுதுகோலே போதுமானதாயிற்று! இத்தகைய குறை 1992இலேயே ஓர் ஆங்கில மிதிவண்டி இதழிற் சுட்டப்பெற்றிருந்தது. அன்றே அதனைச் செவிமடுத்திருந்தால் இடைப்பட்ட 12 ஆண்டுகளின் இடர்ப்பாடு குறைந்திருக்கும். பின்னர் அந்நிறுவனம் பழைய பூட்டுகளைப் பெற்றுக்கொண்டு புதியவற்றை விலையின்றி மாற்றித் தந்தது.

இக்காலச் சோதனைக்கூடங்களில் தேர்ந்தவர்கள் திருடரைப் போலவே கருவிகளுடன் பூட்டினைத் தாக்குகின்றனர். அறுத்தும், முறுக்கியும், இழுத்தும், துளையிட்டும், ஊசிகளை நெருடியும் பார்க்கின்றனர். எத்தனை நிமிடம் தாங்கிற்று என்பதே பூட்டின் தரத்தைக் காட்டும் அளவுகோல். இங்கிலாந்தில் காவல்துறையினரின் முயற்சியால் 1992இல் தோன்றிய 'சோல்டு செக்யூர்' என்னும் அமைப்பு, இவ்வாறு சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம் எனத் தரம் வகுத்தது. மின்விசையால் சுழன்று இரும்பை அறுக்கும் வட்டின் முன் என்றென்றும் நிற்கவல்ல பூட்டு எதுவும் இல்லை. அவ்வட்டையே தேய்த்துவிடும் கடும் பொருளைப் போர்த்திய பூட்டுகள் அண்மைக் காலத்தில் வந்துள்ளன. அவையும் காலத்தையே நீட்டிக்கின்றன. திருடனுக்கோ காலமே பகை.

நம் கடற்கரையில் மற்றொரு பகைவனும் உண்டு; அது உப்புக்காற்று. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்தை அடைந்தால், கடற்கரைக் கோயிலின் கருங்கற் சிற்பங்களையும் அக்காற்று தேய்த்திருப்பதைக் காணலாம். கல்லையே தேய்க்கும் காற்று இரும்பை விட்டுவைக்குமோ? இரும்பு, நீரும் உயிர்வளியும் சேர்ந்தவிடத்துத் துருப்பிடிக்கும். உப்பு அதனை விரைவுபடுத்தும். துரு இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைப்பதால், பூட்டின் நுண்ணிய இடைவெளிகள் அடைபட்டு ஊசிகள் இறுகிவிடும். திருடனுக்குத் திறவாத பூட்டு உரியவனுக்கும் திறவாது போனால் அதனால் யாது பயன்?

இதன்பொருட்டு ஊசிகளைப் பித்தளையால் செய்வர்; எஃகின்மேல் துத்தநாகம் பூசுவர். 100க்கு 5 பங்கு உப்புக் கரைந்த நீரை, 35 பாகை செல்சியசு வெப்பமுள்ள மூடிய பெட்டியினுள் மூடுபனிபோல் தெளித்து, அதனுள் பூட்டினை வைத்துச் சோதிப்பர். அஃது ஒரு சிறு செயற்கைக் கடற்கரை எனலாம். எனினும், பெட்டியினுள் வெயிலும் மழையும் மாறி மாறி வருவதில்லை. ஆதலின் உண்மையான கடற்காற்றிலும் உலோகங்களை வைத்துப் பார்த்தல் வேண்டும். காரைக்குடியில் 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் இத்தகைய அரிமான ஆய்வுகளை நடத்தியுள்ளது.

பூட்டு எத்துணைச் சிறந்ததாயினும் அதனைப் பயன்படுத்துவோர் கருத்தின்றி இருத்தல் ஆகாது. சக்கரத்தை மட்டும் பூட்டாமல், வண்டியின் சட்டத்தையும் அசையாத தூணொன்றோடு சேர்த்துப் பிணைத்தல் நன்று. மழைநீர் தேங்காவண்ணம் திறவுகோல் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். கடலோரத்தில் வாழ்வோர் பூட்டினை அவ்வப்போது துடைத்து எண்ணெயிடுதல் வேண்டும்.

மாணவர்களே! பூட்டினைச் செய்பவன் உரியவனுக்காக உழைக்கிறான். ஆயினும், சிறிது நேரம் திருடனாகவும் தன்னை எண்ணிக்கொண்டு தன் படைப்பைத் தானே உடைத்துப் பார்க்க வேண்டியவனாகிறான். பிறர் காட்டும் குறையைப் பகையெனக் கருதாமல் உதவியெனக் கொள்ளுதலும் அவன் கடமை. நீவிர் எழுதும் விடையாயினும், நாளைச் செய்யும் தொழிலாயினும், ஒப்படைப்பதற்கு முன் அதன் வலுவற்ற இடம் யாதெனத் தேடிப் பாருங்கள். ஒருவர் தம் மிதிவண்டியை நிறுத்திவிட்டுக் கவலையின்றிப் புகைவண்டி ஏறுவது, எங்கோ ஒரு தொழிலாளி அவ்வாறு தேடிப் பார்த்ததனாலன்றோ!