ட்ரிப் ஆகாவிட்டால்தான் கோளாறு

அனல்மின் நிலையம் இருக்கும் அத்திப்பட்டுப் பக்கம் "யூனிட் ட்ரிப் ஆயிடுச்சு" என்றால் யாருக்கும் நல்ல சேதி இல்லை. ஆனால் மின் நிலையங்களில் அந்த ட்ரிப்பை வரவழைப்பதற்கென்றே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற நாளும் உண்டு. பாதுகாப்பு ரிலேவுக்குள் வேண்டுமென்றே கூடுதல் கரண்டைச் செலுத்துவார்கள். பிரேக்கர் 'டப்'பென்று விழ வேண்டும். விழாவிட்டால்தான் கவலை.

கம்ப்யூட்டரிலும் இதே சங்கதி இருக்கிறது. ஜூபிட்டர் நோட்புக் என்பது விளக்கமும் கணக்கும் விடையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வரும் கோப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் 'செல்' என்று பெயர். ஃபெர்னாண்டோ பெரஸ் 2001இல் தொடங்கிய ஐபைத்தானிலிருந்து கிளைத்து, 2014இல் ஜூபிட்டர் ஆனது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயர்கள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. மும்பை ஐஐடியின் ஃபாசி திட்டத்தில் பாடநூல் கணக்குகளையே இப்படி நோட்புக்குகளாக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்படியொரு நோட்புக்கில் ஒரு பாடம் எழுதுவோம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று, மொத்தம் 630. நாள் முழுக்க முழுத்திறனில் ஓடினால் 1 கோடியே 51 லட்சத்து 20 ஆயிரம் யூனிட் மின்சாரம். உண்மையில் கிடைத்ததை இதால் வகுத்தால் பி.எல்.எஃப்., அதாவது திறனில் எவ்வளவு பங்கு பயன்பட்டது என்ற கணக்கு. அடுத்த செல்லில் 24க்குப் பதில் 0 மணி நேரம் என்று கொடுக்கிறோம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று சிவப்பு எழுத்தில் திட்டு விழுகிறது. மாணவர் பார்க்க வேண்டியதே அந்தத் திட்டைத்தான்.

நோட்புக்குகள் சொன்னபடி ஓடுவது அரிது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்டிப் பார்த்தவற்றில் சுமார் 24 சதவீதம்தான் பிழையில்லாமல் ஓடின. பழைய விடையையே தந்தவை 4 சதவீதம். அதனால் விவரம் தெரிந்தவர்கள், கோப்பு மாறும்போதெல்லாம் எல்லா செல்லையும் மேலிருந்து தானாக ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்துவிடுவார்கள். எங்கே எர்ரர் வந்தாலும் சோதனை அங்கேயே நின்றுவிடும். நம் பாடத்தில் ஆசிரியர் ஆசையாக வைத்த எர்ரரும் அதில் மாட்டிக்கொள்ளும்.

'அலவ்-எர்ரர்ஸ்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் எந்த எர்ரருக்கும் நிற்காது. ரிலேவையே கழற்றி வைக்கிற வேலை அது, வேண்டாம். குறிப்பிட்ட செல்லுக்கு மட்டும் 'ரெய்சஸ்-எக்ஸெப்ஷன்' என்று டேக் ஒட்டுவது மேல். சோதிக்கும் நிரல் எர்ரரைப் பொறுத்துக்கொண்டு அடுத்த செல்லுக்குப் போகும்.

இதிலும் ஓர் ஓட்டை. அந்த டேக்குக்கு அர்த்தம் 'எர்ரர் வரலாம்' என்பதுதான், 'வந்தே தீர வேண்டும்' என்பதில்லை. நாளைக்கே யாரோ ஒரு புண்ணியவான் நிரலைத் திருத்தி, 0 மணி என்றால் 0 என்று விடை வரும்படி செய்துவிடலாம். மேலே "பாருங்கள், பிழை வருகிறது" என்று விளக்கம், கீழே சமத்தாக ஒரு பூஜ்யம், சோதனையோ பச்சை. எழுத்துப்பிழையால் வேறு ஏதாவது எர்ரர் வந்தாலும் அதே பச்சைதான்.

பைடெஸ்ட் என்ற பைத்தான் சோதனைக் கருவியின் 'ரெய்சஸ்' கறார்ப் பேர்வழி. இன்ன எர்ரர் என்று பெயர் சொல்லிவிட்டால், அது வராதபோது சோதனை தோற்கும். ஆனால் வந்த எர்ரரை அது விழுங்கிவிடுவதால் மாணவர் கண்ணுக்குச் சிவப்பு எழுத்தே படாது. பாடத்துக்கு அது உதவாது.

எனக்குப் பிடித்தது டேக்கோடு என்பிவேல் என்ற துணைக்கருவியையும் சேர்ப்பது. கோப்பில் சேமித்திருக்கும் பழைய வெளியீட்டையும் இப்போது வந்ததையும் அது பக்கத்தில் வைத்துப் பார்க்கும். எர்ரரின் பெயரும் செய்தியும் ஒத்துப்போக வேண்டும். பைத்தான் பதிப்பு மாறி, செய்தியில் ஒரு சொல் மாறினாலும் சத்தம் போடும். எரிச்சல்தான். கோப்பைத் திறந்து, மேலிருந்து எல்லா செல்லையும் ஒருமுறை ஓட்டிச் சேமித்தால் அடங்கிவிடும்.